எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் வெறுங்கையோடு திரும்பினாலும் திரும்புவாரே தவிர, பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழி பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டார். என் தாத்தா அப்படித்தான் மாடு வாங்கினார். என் தந்தையார் 2024-ஆம் ஆண்டு ஒரு பழைய கார் வாங்கினார். மாட்டுக்குப் பல்லும் சுழியும்போலக் காருக்கும் பார்க்க வேண்டியவை பல உண்டு. அவற்றுள் பலவற்றை அப்பா பார்த்தார். ஒன்றை நான் பார்த்தேன். அந்த அனுபவத்தைக் கல்லூரி மலர் வாயிலாக நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அப்பா இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறருடைய கார்களை ஓட்டியவர். தருமபுரியிலிருந்து சேலத்துக்கும் பெங்களூருக்கும் அவர் போய் வந்த இரவுகளுக்குக் கணக்கில்லை. படித்தது ஐந்தாம் வகுப்பு. "சாகறதுக்குள்ள என் பேர்ல ஒரு வண்டி வாங்கி ஓட்டிப் பார்க்கணும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்கள் கார் வாங்க நினைக்கத் தொடங்கின என்பார்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் நினைக்கத் தொடங்கியது, அத்தகைய சிறிய கார்கள் இரண்டு மூன்று கை மாறிய பிறகுதான். அம்மா தையல் வேலை செய்து கட்டிய சீட்டுப் பணமும் அப்பாவின் சேமிப்பும் சேர்ந்து 1,30,000 ரூபாய் ஆயிற்று. பக்கத்து ஊரில் ஒரு வியாபாரி தம் 2012-ஆம் ஆண்டுக் காரை விற்கப்போவதாகச் செய்தி வந்தது. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்கே போனார்.

அப்பா முதலில் காரின் கதவைத் திறக்கவில்லை. பானெட்டின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்த எஞ்சின் தன் நோயை மறைத்துவிடுமாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதுதான் அதன் உண்மையான குரல் கேட்கும். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி அடியில் பார்த்தார். அங்கே பால் நுரைபோல் படிந்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்திருக்கலாம். பின்னால் நின்று புகையைப் பார்த்தார். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை பெட்ரோல் மிகுதியாகச் செல்வதைக் காட்டும். கால்மிதி விரிப்பைத் தூக்கி முகர்ந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. அப்படி மூழ்கிய காரைக் கழுவித் துடைத்து விற்றாலும் விரிப்புக்கு அடியில் சேற்று வாடை போகாது என்றார்.

மீட்டரில் 48,000 கிலோமீட்டர் என்றிருந்தது. அப்பா பிரேக் பெடலின் ரப்பரைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அது வழவழவென்று தேய்ந்திருந்தது. "பாப்பா, மீட்டர் பொய் சொல்லும், பெடல் பொய் சொல்லாது" என்றார். டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், பின்னிரண்டும் ஆண்டு. நான்கு டயர்களும் ஏழு ஆண்டுப் பழையவை. இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி 8,000 ரூபாய் விலையைக் குறைத்துவிட்டார். எந்தப் பாடப் புத்தகமும் இல்லாமல் என் தந்தை நடத்திய அந்தச் செய்முறை வகுப்பை நான் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பணம் 20,000 ரூபாயை அவர் மடியிலிருந்து எடுக்கும்போது, "ஆர்.சி.யைக் கொஞ்சம் பார்க்கலாங்களா?" என்று கேட்டேன். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தன. ஆனால் அதில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரும் இருந்தது. கார் அவர்களுடைய கடனுக்கு ஈடாக இருக்கிறது என்பது அதன் பொருள்.

"கடன் கட்டி முடிச்சு ஏழு வருஷம் ஆச்சும்மா. பேரு மட்டும் சும்மா இருக்குது" என்றார் வியாபாரி. "பாரம் இருபத்தொன்பது, முப்பது ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். ஓட்டிக்கிட்டு இருங்க. பேர் மாத்தறத மெதுவா பார்த்துக்கலாம்."

அப்பா தலையசைத்தார். நான் அசைக்கவில்லை. "நாளைக்குச் சொல்றோங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அன்று பெரிய சண்டை. "காலேஜ் போனா பெரியவங்களை நம்பக்கூடாதுன்னு சொல்லித் தர்றாங்களா? நாணயமான ஆளு. இன்னொருத்தன் பணத்தோட நிக்கிறானாம்" என்று அப்பா கொதித்தார். நான் மாமாவை நினைவுபடுத்தினேன். என் தாய்மாமன் 2018-இல் தம் மொபெட்டை ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 14,000 ரூபாய்க்கு விற்றார். வாங்கியவர் பெயர் மாற்றவில்லை, காப்பீடும் எடுக்கவில்லை. 2021-இல் அந்த வண்டி மோதி ஒரு கூலித் தொழிலாளியின் கால் முறிந்தது. தீர்ப்பாயத்திலிருந்து அழைப்பாணை வந்தது மாமாவுக்கு. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை. மாமா வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா போய் வருகிறார்.

"அது வித்தவனுக்கு வர்ற கஷ்டம். வாங்கறவனுக்கு என்ன?" என்றார் அப்பா. நியாயமான கேள்விதான். பெயர் மாறாத கார் திருட்டுப் போனாலோ எரிந்து போனாலோ, அதற்கான காப்பீட்டுத் தொகை நம் கைக்கு வருவது கடினம். விற்றவர் மனம் மாறினாலோ, அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டாலோ, கையெழுத்திட்ட படிவம் மட்டும் நம்மைக் காப்பாற்றாது. இவற்றையெல்லாம் சொன்னேன். அப்பா அசையவில்லை. கடைசியில், "உங்க பேர்ல ஒரு வண்டி ஓட்டணும்னுதானே ஆசைப்பட்டீங்க? அவர் சொல்ற மாதிரி வாங்கினா அது இன்னும் அவர் பேர்லதானேப்பா இருக்கும்?" என்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை அவரே வியாபாரிக்குத் தொலைபேசினார். நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்துக் கடன் குறிப்பை நீக்கிவிட்டு, பெயரையும் மாற்றினால்தான் முழுப்பணம் என்றார். இருபத்தாறு நாள்கள் ஆயின. அத்தனை நாளும் கார் கைநழுவிப் போய்விடுமோ என்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. போய்விட்டால் பழி என்மேல்தான் என்று நானும் அஞ்சிக்கொண்டுதான் இருந்தேன். நல்லவேளை, போகவில்லை.

ஒரே மாநிலத்துக்குள் வண்டி கைமாறினால் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். காப்பீட்டில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பகுதி வண்டியோடு வந்துவிடும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான பகுதியை நாம்தான் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய உரிமையாளர் சேர்த்த இழப்பீடு கோராச் சலுகை அவரோடுதான் போகும்; காரோடு வராது.

வாங்குவது ஒரு நாள் வேலை. வைத்துக் காப்பது நாள்தோறும் செய்யும் வேலை. 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் 2022 ஜூனில் ஆண்டுக்கு 2,094 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது, வரி தனி. புகைச் சான்று, எண்ணெய் மாற்றம், டயர் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு வரும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதி பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் காருக்கு அந்தக் கெடு 2027-இல் வருகிறது. விலை மலிவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது பின்னர்தான் புரிந்தது. கார் வந்த மறுவாரமே ஊரார் "கல்யாணத்துக்குக் கொண்டுவந்து விடு, வாடகை தர்றோம்" என்று கேட்டார்கள். வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி குற்றம்; விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைவிட்டுவிடலாம். அப்பா மறுத்துவிட்டார். ஓட்டுநர் வேலைக்குப் போய்த்தான் பெட்ரோலுக்குச் சம்பாதிக்கிறார்.

இதுவரை படித்தவர்கள், மகள் படித்ததால் தந்தை பிழைத்தார் என்று எண்ணலாம். நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்.

பாட்டியின் கண் சிகிச்சைக்காகச் சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் மலையேற்றத்தில் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. அப்பா ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தார். நான் உதவி செய்யும் ஆர்வத்தில் தண்ணீர்ப் புட்டியோடு ஓடிப்போய் ரேடியேட்டர் மூடியைத் துணியால் பிடித்துத் திருகப் போனேன். அப்பா பளீரென்று என் கையில் அடித்தார். கன்றிப்போயிற்று. அழுத்தம் கூடினால் நீரின் கொதிநிலை உயரும். இரு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அது ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் என்று முதலாண்டுத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். மூடியைத் திறந்திருந்தால் அந்த நீர் நொடியில் ஆவியாகிச் சீறி முகத்தை வேக வைத்திருக்கும். எழுதத் தெரிந்த எனக்கு அந்த இடத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்புப் படித்தவரின் கைக்குத் தெரிந்திருந்தது. அரை மணி நேரம் காத்திருந்து, மூடியைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, தண்ணீர் ஊற்றி வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அப்பா என் கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நண்பர்களே, நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள். உங்கள் வீட்டில் வண்டி வாங்கப் போனால் நீங்களும் உடன் செல்லுங்கள். காகிதங்களை வரிவிடாமல் படியுங்கள். அதில் முகத்தாட்சணியம் வேண்டாம். அதே நேரத்தில் பானெட்டின்மேல் பெரியவர் எதற்காகக் கை வைக்கிறார் என்பதையும் கவனியுங்கள்.

அப்பா பதிவு அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பீரோவில் வைத்திருந்தார். அதன் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித் தம் பெயரைப் படிக்க ஒரு வாரம் பழகினார். இப்போது அது அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. யாரும் கேட்காமலேயே எடுத்துக் காட்டுகிறார்.