ஹோமரின் இத்தாலியக் குரல்

மூலம் முதுமையடைவதில்லை, மொழிபெயர்ப்பே முதுமையடைகிறது என்று வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கிறோம். தலைமுறைக்கொரு புதிய மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதை இலக்கண நூற்பா போல ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது நம் வழக்கம். அந்த விதியை நம்முள் முதன்முதலாக அசைத்துப் பார்த்தவர் மொழிபெயர்ப்பியல் அறிஞர் எவருமல்லர். இத்தாலியில் கார்ட்டூன் பாத்திரங்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்த டோனினோ அக்கொல்லா.

சிசிலித் தீவின் சிரக்கூசாவில் 1949இல் பிறந்தவர் அவர். அவர் மேற்கொண்ட தொழிலுக்கு இத்தாலியில் தனி வரலாறு உண்டு. 1930களில் பாசிச அரசு திரையில் அயல்மொழி ஒலிப்பதைத் தடுத்தது. அரசு வீழ்ந்தது, பழக்கம் வீழவில்லை. அயல்நாட்டு நடிகர் ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே கலைஞர் தொடர்ந்து குரல் கொடுப்பது அங்கே மரபாயிற்று. எட்டி மர்ஃபியின் சிரிப்பு என்று இத்தாலியர் நினைவில் வைத்திருப்பது உண்மையில் அக்கொல்லாவின் சிரிப்பையே. ‘தி லயன் கிங்’ படத்தின் டிமோனுக்கும் ‘மான்ஸ்டர்ஸ், இன்க்.’ படத்தின் மைக் வசோவ்ஸ்கிக்கும் குரல் தந்தவர் அவரே.

டப்பிங்குக்காகப் பிரிக்கப்படும் சிறு காட்சித் துண்டை இத்தாலியர் ‘ஆனெல்லோ’ என்பர். வளையம் என்று பொருள். அக்காலத்தில் படச்சுருளை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி, வளையமாகச் சுழலவிட்டதால் வந்த பெயர். இருட்டறையில் நின்று, பிறரது உதட்டசைவுக்குள் தம் மொழியை அடக்க வேண்டும். எதுகைக்கும் தளைக்கும் கட்டுப்பட்டுச் செய்யுள் செய்பவனின் இடர்ப்பாடு இதுதான் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

1991இல் ‘தி சிம்ப்சன்ஸ்’ இத்தாலியத் தொலைக்காட்சிக்கு வந்தபோது, குடும்பத் தலைவன் ஹோமருக்குக் குரல் கொடுத்ததோடு டப்பிங் இயக்கத்தையும் அக்கொல்லா ஏற்றார். ஹோமரின் மகிழ்ச்சிக் கூவல் இத்தாலியில் ‘மீத்திகோ’ ஆயிற்று. புராணத் தன்மையுடையது என்பது அச்சொல்லின் பொருள். பேச்சு வழக்கில் ‘அபாரம்’ என்பது போல் வரும். மூலத்தில் ஸ்காட்லாந்துக்காரனாகப் பேசும் பள்ளித் தோட்டக்காரன் வில்லி, இத்தாலியில் சார்டீனியத் தீவுக்காரனாகப் பேசினான். காவல்துறைத் தலைவருக்கு நேப்பிள்ஸ் வட்டார வழக்கு வாய்த்தது. சொல்லுக்குச் சொல் வைக்காமல் நிலத்துக்கு நிலம் வைத்த மொழிபெயர்ப்பு இது. அமெரிக்கக் கற்பனை நகரம் ஒன்று இத்தாலியின் வட்டார வழக்குகள் வந்து கூடும் சந்தையாகிவிட்டது.

முதல் 23 சீசன்களில் ஹோமராக ஒலித்தவர் அவரே. 2013 ஜூலையில், 64ஆம் வயதில், உரோமையில் மறைந்தார். 24ஆம் சீசனிலிருந்து மாசிமோ லோபெஸ் என்னும் தேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் குரல் தரலானார். அவரிடம் குறை காண நியாயமில்லை. எனினும் பழைய குரலோடு வளர்ந்த ஒருவருக்கு, திரையில் அதே மஞ்சள் முகம் வாய் திறக்க, உள்ளிருந்து வேறொருவர் பேசுவது எப்படி இருந்திருக்கும்? ஹோமருக்கு வயது ஏறுவதில்லை. குரல் தந்தவருக்கு ஏறியது.

இங்கேதான் நம் நூற்பா தடுமாறுகிறது. நடிகனுக்குப் பிறவிக் குரல் ஒன்று உண்டு. டப்பிங் அதை மறைக்கிறது. வரைந்த உருவத்துக்கு அப்படி எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் தொடக்கம் முதல் டான் காஸ்டெல்லனெட்டா கொடுத்து வருவதும் வெளியிலிருந்து வந்த குரல்தான். காலத்தால் அது முந்தியது, அவ்வளவே. மிலானிலோ பலெர்மோவிலோ 1991இல் தொலைக்காட்சிமுன் அமர்ந்த சிறுவனுக்கு முந்தியது எது? அவன் ஆங்கிலக் குரலைப் பின்னர் கேட்டிருந்தால், அதுவே அவனுக்கு மொழிபெயர்ப்பாக ஒலித்திருக்கும்.

மூலம் என்பது முதலில் எழுதப்பட்டது மட்டுமன்று. ஒருவர் முதலில் கேட்டதும்தான். இதை ஒப்புக்கொண்டால் மொழிபெயர்ப்பாளனின் பொறுப்பு கூடிவிடுகிறது. தன் உழைப்பைத் தற்காலிகமானது என்று அவன் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. யாரோ ஒருவருக்கு அவனே மூலம். அவன் போனால் அந்த ஒருவருக்கு மூலமே போகிறது.

முகம் தெரியாத ஒரு மனிதரின் இறப்புக்கு ஒரு நாடு கார்ட்டூன் பாத்திரத்தின் பெயரைச் சொல்லி வருந்தியதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டு அந்த விதியைச் சொல்ல நேர்ந்தால், சற்றுத் தயங்கித்தான் சொல்வோம்.