இறங்கத் தெரிந்தவர்கள்

தென் அமெரிக்காவில் பராகுவே என்று ஒரு நாடு. 1954 ஆகஸ்டில் அங்கே அதிபர் பதவியில் ஏறியவர் ராணுவத் தளபதி ஆல்ஃபிரெடோ ஸ்ட்ரோஸ்னர். தேர்தல் இல்லாமல் இல்லை. எட்டு முறை நின்றார், எட்டு முறையும் ஜெயித்தார். பலமாக எதிர்த்தவர்கள் சிறையில் இருந்தார்கள், இல்லையென்றால் நாட்டை விட்டே ஓடியிருந்தார்கள். பிறகு ஜெயிக்காமல் என்ன செய்வார்?! ஒரு நகரத்துக்கே தன் பெயரை வைத்துக்கொண்டார்.

ஏறக்குறைய 35 வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில் ஒரு நாள் இரவோடு இரவாக அவரைக் கவிழ்த்தார்கள். கவிழ்த்தவர் அவருடைய சொந்தத் தளபதி ரோட்ரிகஸ். அவர் ஸ்ட்ரோஸ்னரின் சம்பந்தியும்கூட! அதோடு நகரத்தின் பெயரும் மாறியது. ஸ்ட்ரோஸ்னர் 2006ல் பிரேசிலில், ஊர் திரும்ப முடியாமலே இறந்துபோனார்.

அதே 1954ல், ஸ்ட்ரோஸ்னருக்கு நாலு மாதம் முன்பு, சென்னை மாநிலத்தில் ஒருவர் முதலமைச்சர் ஆனார். காமராஜர். 1963 அக்டோபரில், யாரும் தள்ளாமல், கட்சி வேலைக்காகத் தானே நாற்காலியை விட்டு எழுந்து போனார். ஒரே வருடத்தில் ஏறிய இரண்டு பேர். இறங்கிய விதத்தில்தான் எவ்வளவு வித்தியாசம்!

சரி, இதற்கும் புதுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. காமராஜரின் அரசியல் குரு தீரர் சத்தியமூர்த்தி. அவர் பிறந்தது 1887ல், புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகும் வழியில், கோட்டை இருக்கும் திருமயத்தில். 1936ல் அவர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர் ஆனபோது காமராஜர் செயலாளர். 1940ல் காமராஜர் தலைவர் ஆனார். அப்போது செயலாளர் யார் தெரியுமா? சத்தியமூர்த்திதான்! சீடனைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, குரு அவருக்குக் கீழே வேலை பார்த்தார். இன்றைக்கு ஒரு வட்டச் செயலாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள், அடிக்க வந்துவிடுவார்.

1942ல் சிறைக்குப் போய், உடல் கெட்டு, 1943 மார்ச்சில் அவர் காலமானார். சுதந்திரத்தைக்கூடப் பார்க்கவில்லை. சென்னை மேயராக இருந்தபோது அவர் பாடுபட்ட பூண்டி நீர்த்தேக்கம் அவர் போன பிறகுதான் முடிந்தது. அதற்கு அவர் பெயரை மற்றவர்கள் வைத்தார்கள். தானே வைத்துக்கொண்ட பெயர் அழிந்தது, மற்றவர்கள் வைத்த பெயர் நிற்கிறது.

அதற்காக இறங்கத் தெரிந்தவர்கள் எல்லாம் எல்லா விஷயத்திலும் சரியாக இருந்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் ஒரு பெண் போராடியபோது, அதை எதிர்த்துப் பேசியவர்களில் முக்கியமானவர் இதே சத்தியமூர்த்தி. அந்தப் பெண் யார்? அவரும் புதுக்கோட்டைக்காரர்தான்! டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1886ல் பிறந்தவர். பெண் பிள்ளைக்குக் கல்லூரியா என்று ஊரே முணுமுணுத்த காலத்தில், மன்னரின் ஆதரவோடு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தவர்.

சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், துணைத் தலைவரும் ஆனார். 1930ல் காந்தி கைது செய்யப்பட்டபோது, அத்தனையையும் ராஜினாமா செய்தார். தான் கொண்டுவந்த தேவதாசி மசோதா முடியாமல் நிற்கும் நேரத்தில்! எவ்வளவு யோசித்திருப்பார்? அந்தச் சட்டம் நிறைவேற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பதவி போனதும் அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அவர் முயற்சியில் தொடங்கியது. அது எந்த வருடம் என்கிறீர்கள்? அதே 1954!

மூன்றாமவர் ஒரு ராஜா. ராஜகோபாலத் தொண்டைமான் 1928ல் பட்டத்துக்கு வந்தபோது வயது ஆறு. அது தனி சமஸ்தானம். அம்மன் காசு என்று சொந்த நாணயமே உண்டு. 1948 மார்ச் 3ல் சமஸ்தானத்தை இந்தியாவோடு ஒப்படைத்தபோது அவருக்கு 25 வயதுதான். இதில் தியாகம் மட்டும்தான் இருந்தது என்றால் மிகை. நாடெங்கும் 500க்கு மேற்பட்ட சமஸ்தானங்கள் கரைந்துகொண்டிருந்தன, புதுக்கோட்டை மட்டும் தனியாக நிற்பது நடக்கிற காரியம் இல்லை. மன்னர் மானியமும் கிடைத்தது. ஆனாலும் ஒரு சண்டை இல்லை, ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை.

அவருடைய அரண்மனை இன்று கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் தெரியும். குறைதீர்க்கும் நாள். பட்டா மாறவில்லை என்று கந்தர்வகோட்டையிலிருந்து ஒரு பெரியவர், முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது என்று அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி, கையில் மஞ்சள் பையும் மனுவுமாக வருகிறார்கள். ராஜா இருந்த வீட்டுக்குள் குடிமக்கள் செருப்புக் காலோடு உரிமையாக நடக்கிறார்கள். ஜனநாயகம் என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் உண்டா?

ஆனால் அதே மாவட்டத்தின் கிராமங்களுக்குப் போனால் வேறு கதையும் தெரியும். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு. ஊராட்சி மன்றத் தலைவர் என்று போர்டில் இருப்பது மனைவியின் பெயர். பல இடங்களில் பேசுவது, கணக்குப் பார்ப்பது, கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்காருவது எல்லாம் கணவர். "தலைவர் வர்றார்" என்று ஊரே அவரைத்தான் சொல்கிறது. இட ஒதுக்கீடு வந்ததால் ஆள் மாறியது, நாற்காலி மாறவில்லை. சட்டமன்றத் துணைத் தலைவராக ஒரு பெண் உட்கார்ந்து நூறு வருடம் ஆகப்போகிறது, அவர் பிறந்த மாவட்டத்திலேயே இந்த நிலைமை!

தென் அமெரிக்காவிலும் எல்லோரும் ஸ்ட்ரோஸ்னர் இல்லை. உருகுவேயின் அதிபர் முஜிகா ஐந்து வருடமும் அரண்மனைக்குப் போகாமல் தன் தோட்டத்து வீட்டிலேயே இருந்தார். சம்பளத்தில் பெரும்பகுதியைத் தானம் செய்தார். 2015ல் பதவி முடிந்ததும் தன் பழைய காரில் வீட்டுக்குப் போனார். போவதற்கு அவருக்கு ஒரு வீடு இருந்தது, செய்வதற்கு வேலையும் இருந்தது.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. நாற்காலியைத் தவிர வேறு எதுவும் இல்லாதவனுக்குத்தான் அதை விட்டு எழுந்திருக்கப் பயம். சத்தியமூர்த்திக்குக் கட்சி வேலை இருந்தது. முத்துலட்சுமிக்கு அவ்வை இல்லத்துப் பெண்கள் இருந்தார்கள்.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "ஜெயித்தால் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "பதவி முடிந்த மறுநாள் என்ன செய்வீர்கள்?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் திணறினால், அவர் இறங்கப் போவதில்லை என்று அர்த்தம்.