பேரிங் பிறந்த ஊரிலிருந்து ஒரு கல்

ஹோர்சன்ஸில் புதிதாகக் குடியேறியிருக்கும் உறவுகளே, எங்கள் நகரத்துப் பூங்காவில் இரண்டு பழைய பீரங்கிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பீரங்கி என்றாலே எங்களுக்கு வேறு நினைவுதான் வரும். வந்த புதிதில் நாங்களும் அந்தப் பக்கம் முகம் திருப்பாமலே போய்விடுவோம். அவை விற்றஸ் பேரிங்கின் கப்பலில் இருந்தவை என்று, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

1681இல் இந்த ஊரில் பிறந்தவர் பேரிங். ரஷ்யக் கடற்படையில் சேர்ந்து, ஆசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடைப்பட்ட வடகடலை ஆராயப் போனார். 1741இல் அவருடைய கப்பல் மனிதர் இல்லாத தீவொன்றில் ஒதுங்கியது. அங்கேயே இறந்துபோனார். கூடப்போன ஸ்ரெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர், அத்தீவின் கரையோரத்தில் வாழ்ந்த ஒரு பிராணியைப் பற்றி விரிவாக எழுதிவைத்தார். பல் இல்லாத, கடற்பாசி தின்கிற, எட்டு மீற்றர் வரை நீண்ட கடற்பசு அது. மன்னார்க் கடலில் ஆவுளியா, கடற்பன்றி என்று சொல்வோமே, அதன் குடும்பம்தான். பெண் கடற்பசு ஒன்றைக் கொன்று கரைக்கு இழுத்தபோது, அதன் இணை அடுத்தடுத்த நாட்களும் அதே இடத்துக்கு வந்து நின்றதாம்.

பசியில் கிடந்த மாலுமிகள் அதன் இறைச்சியைத் தின்றுதான் உயிர்தப்பினார்கள். அதில் குற்றம் காண எங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர்கள் கொண்டுபோன நீர்நாய்த் தோல்களைக் கண்டு, பின்னால் வேட்டைக்காரர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1768 அளவில் கடற்பசு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஸ்ரெல்லர் கண்டு இருபத்தேழே வருடம்! எங்கள் ஆவுளியாவும் இறைச்சிக்காகக் கொல்லப்பட்டு அருகிப்போனதுதான். 2022இல் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை அதன் காப்பகமாக அறிவித்தது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான், பல வருடம் காசு சேர்த்து, ஒரு கோடை விடுமுறைக்குக் கிறீன்லாந்தின் இலுலிசாற் நகருக்கு வெளிக்கிட்டோம். (நீங்களும் போக நினைத்தால் முதலில் விசா விடயத்தை விசாரியுங்கள். கிறீன்லாந்து செங்கன் நாடல்ல.) 2004இல் உலக மரபுரிமைச் சின்னமான பனிக்குடா அங்கே இருக்கிறது. வீடளவு, கோயிலளவு பனிப்பாறைகள் மிதந்துபோகும். அதைப் பார்க்கப் போகும் வழியில் மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தக் குளிரில் பாசியும் பூண்டும் மெல்ல மெல்லத்தான் வளரும். மிதித்த தடம் பல வருடம் மாறாது. பனிப்பாறை உடைந்தால் பேரலை எழும் என்பதால் கடற்கரைக்கு இறங்கக்கூடாது. வண்டி இழுக்கும் நாய்களைத் தொடக்கூடாது.

பாதை முடிகிற செர்மெர்மியுற்றில் நாலாயிரம் வருடத்துக்கு முன்பே மக்கள் குடியிருந்திருக்கிறார்கள். அங்கேதான் எங்கள் புத்தி போனது. பனிப்பாறை முழுதாகப் படத்தில் விழவேண்டும் என்று பலகையை விட்டு இறங்கிப் பாசியில் நின்றோம்.

"அப்பா, இறங்கவேண்டாம் எண்டு எழுதியிருக்கு" என்றாள் மூத்தவள்.

"ஒரு நிமிசம்தானே பிள்ளை..."

எல்லோரும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் கேட்கிறோம்.

வீடு வந்து பெட்டியைப் பிரித்தபோது சின்னவனின் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு தட்டைக்கல் விழுந்தது. வடிவான கல். ஷோகேசில், ஊரிலிருந்து கொண்டுவந்த ஒருபிடி மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தோம். பார்க்க வந்தவர்களுக்குப் பெருமையாகக் காட்டவும் செய்தோம். அம்மம்மாதான் கேட்டா:

"அது ஆற்றையேன் வீட்டுச் சுவரிலை இருந்த கல்லோ தெரியாது. எங்கடை வீட்டு நிலைக்கதவையும் உப்பிடித்தானே ஆரோ கழட்டிக்கொண்டு போனவை?"

அன்றே கல்லை எடுத்து லாச்சிக்குள் வைத்துவிட்டோம். யாராவது போனால் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் கதைத்தோம். எந்த இடத்தில் எடுத்தாய் என்று சின்னவனைக் கேட்டால், "அங்கை... ஐஸ் தெரியிற இடத்திலை" என்கிறான். அங்கே எல்லா இடமும் ஐஸ் தெரியிற இடந்தான்.