சாயம் போகாத துணி

துணிக் கடைக்குப் போனால் என் தாயார் ஒரு சோதனை செய்வார். கைக்குட்டை நுனியை ஈரமாக்கி, சேலை ஓரத்தில் அழுத்தித் தேய்ப்பார். கைக்குட்டையில் நிறம் ஏறிவிட்டால், “இது சாயம் போகும், வேண்டாம்” என்று எழுந்துவிடுவார். அலோர்காஜா பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு மலாக்கா பட்டணத்தில் வாங்கும் சேலை அது. கடைக்காரர் முகம் கோணினாலும் அம்மா கவலைப்படமாட்டார்.

அந்தச் சோதனையில் தேறிய துணிதான் நல்ல துணி என்று நானும் நம்பியிருந்தேன். 2014-இல் காங்கேயம் பக்கம் மாமா வீட்டுக்குப் போனபோதுதான் அதன் மறுபாதி தெரிந்தது.

போய் இறங்கியதும் அத்தை காப்பி கொடுத்தார். “கெணத்துத் தண்ணியில்ல கண்ணு, வண்டியில வாங்குனதுதான். பயப்படாமக் குடி” என்றார். எனக்குப் புரியவில்லை. மாமா கிணற்றடிக்கு அழைத்துப்போய், ஒரு கை நீரள்ளிக் கொடுத்தார். பார்க்கத் தெளிந்த நீர். நாக்கில் வைத்தால் உப்பு.

அருகில் ஓடுவது நொய்யல் ஆறு. பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992-இல் திறந்தார்கள். மேலே திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நீர் வந்து தேங்கியதால், வயலுக்கென்று கட்டிய அணையே வயலுக்கு ஆகாமல் போயிற்று.

மாமாவின் மகன் அப்படியொரு பட்டறையில்தான் வேலை பார்க்கிறார். அவரே எனக்கு விளக்கினார். பின்னிய துணியைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அழுக்கும் மெழுகும் நீக்குகிறார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுக்கிறார்கள். பிறகு சாயத்தொட்டி. பருத்தியோடு இரண்டறக் கலந்துவிடும் சாயங்கள் 1956-இல் சந்தைக்கு வந்தவை. துவைத்தாலும் போகாது. ஆனால் அந்தச் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதற்கு மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டவேண்டும். பிடித்துக்கொள்வதற்குச் சோடா உப்பும் வேண்டும். ஒட்டாமல் நின்ற மிச்சச் சாயத்தைச் சோப்பு நீரில் பலமுறை அலசி எடுக்கிறார்கள். பின்பு மிருதுவாக்கி, சூடான இயந்திரத்தில் அகலம் பிடித்துக் காயவைத்து, சுருங்காதபடி அழுத்தி அனுப்புகிறார்கள்.

“நெறத்தக்கூட எடுத்தரலாம் அக்கா. உப்புத்தான் தண்ணியோடவே போயிரும்” என்றார்.

நிறம் கண்ணுக்குத் தெரியும், உப்புத் தெரியாது. கிணற்றில் இறங்கிய பிறகுதான் தெரியும்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் நீரைச் சுத்திகரித்து, உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றாயிற்று. அந்த மாதங்களில் மாமாவின் மகனுக்குக் கூலியில்லை. தகப்பனாரின் தென்னை வாடியது பட்டறை ஓடியதால். மகனின் அடுப்பு அணைந்தது பட்டறை நின்றதால். ஒரே கூரையின் கீழ் இரண்டு துன்பம். யார் பக்கம் பேசுவதென்று அத்தைக்கே தெரியவில்லையாம்.

எனக்கு எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் நினைவு வந்தது. பாலை ஆசிட் ஊற்றி உறையவைத்த பின் வடியும் நீர் வாய்க்காலில் இறங்கும். நாற்றம் லயம் வரைக்கும் வரும். சம்பளம் தரும் இடமாயிற்றே என்று யாரும் பேசியதில்லை. நம் நாட்டில் 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. ரப்பர் ஆலைக் கழிவு நீருக்கென்றே 1978-இல் விதிமுறைகள் வந்தன. பால் வெட்டிய நாம் அறியாத கதையா இது?

ஊர் திரும்பியதும் மகனுக்கு வாங்கியிருந்த பனியன் சட்டையைத் துவைத்தேன். ஒரு துளிச் சாயம் போகவில்லை. அம்மா இருந்திருந்தால் மெச்சியிருப்பார். எனக்கு மாமாவின் கிணறுதான் நினைவில் நின்றது.

இன்றும் கடையில் ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்க்கிறேன். அம்மா கற்றுத்தந்ததை விடமுடியுமா? ஆனால் ஒன்று போதுமென்ற இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதென்று மூன்று வாங்குவதை விட்டுவிட்டேன். வாங்கியதைக் கிழியும்வரை உடுத்துகிறோம். பிள்ளைகள் முணுமுணுத்தால், அந்தக் கிணற்று நீரைப் பற்றிச் சொல்கிறேன்.