ஒரு புள்ளியா, இரு புள்ளியா?



டிசம்பர் மாதம் முடியும் தறுவாயில் வீட்டைக் கவிழ்த்துத் துடைப்பது எங்கள் இல்லத்து வழக்கம். புத்தாண்டுக்காக அன்று. நமக்கு ஆண்டு பிறப்பது முஹர்ரம் பிறையில் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். ஆயினும் பள்ளிக்கூடத்தின் அரையாண்டு விடுமுறையும், அலுவலகத்தில் எஞ்சிய விடுப்பும், தென்னூரில் கிடைத்தற்கரிய குளிர்ந்த காலைப்பொழுதும் ஒருசேர வாய்ப்பது இந்தப் பத்து நாள்களில்தான். உழவர் சந்தைக்குச் சென்று காய்கறி வாங்கி வந்தபின் நாள் முழுவதும் நம் கையில் இருக்கும்.

அந்நாள்களில் ஆளுக்கொரு கைவேலை உண்டு. எங்களில் ஒருவர் குரோஷா ஊசியுடன் அமர்ந்துவிடுவார். மூன்று ஆண்டுகளாக முடியாத ஒரு மேசைவிரிப்பு இவ்வாண்டும் முடியவில்லை. மற்றவர் மாடித் தொட்டிகளில் புதினா வளர்க்க முயன்று, குரங்குகளுக்கு ஈந்து மகிழ்ந்தார். எட்டாம் வகுப்பில் பயிலும் மகளின் ஈடுபாடு மட்டும் உருப்படியானது. அவள் அரபு எழுத்தணிக் கலை பழகுகிறாள். நாணல் தண்டைச் சாய்வாகச் சீவி கலம் செய்வாள். விளக்குப் புகைக்கரியை வேலம்பிசினுடன் குழைத்து மை கூட்டுவாள். மைக்கூட்டில் ஒரு பொதி பட்டு நூலை இட்டு வைத்தால் கலம் மையை அளவாக உறிஞ்சும் என்று எங்கோ படித்து, ஒரு பழைய பட்டுச் சேலையின் முந்தானையில் கை வைத்துவிட்டாள். அதனால் வீட்டில் எழுந்த பூசலை இங்கே விவரிக்கப் போவதில்லை.

அவள் அலிஃப் எழுதும்போது பார்க்க வேண்டும். கலத்தின் நுனியை அழுத்தி ஒரு சாய்சதுரப் புள்ளி வைப்பாள். பிறகு அத்தகைய புள்ளிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்த உயரத்திற்கு அலிஃபை இறக்குவாள். எழுத்தைப் புள்ளியால் அளக்கும் இந்த முறையை வகுத்தவர் பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா என்பார்; 940ஆம் ஆண்டில் மறைந்தவர். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் தென்னூரின் ஒரு மொட்டைமாடியில் ஒரு சிறுமி அவர் அளவுகோலைக் கையாள்கிறாள் என்பது எங்களுக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

இவ்வாண்டுத் துடைப்பில் நன்னியின் தகரப் பெட்டியைத் திறந்தோம். நன்னி என்பது எங்கள் மகளின் தாய்வழிப் பாட்டி, எங்களுடனேயே வாழ்கிறார். பெட்டியின் அடியில், வெள்ளைத் துணியில் பொதிந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. வலப்பக்கமாகத் திறப்பது. உள்ளே முழுவதும் அரபு எழுத்து. மகள் ஆவலுடன் வாங்கி எழுத்துக் கூட்டினாள். எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் எவையும் அரபுச் சொற்களாக இல்லை.

"நன்னி, இது என்ன மொழி?"

"தமிழ்தான் கண்ணு. எங்கம்மா எழுதுனது. அரபுத்தமிழ்."

நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி வந்த இந்த முறையை அர்வி என்றும் கூறுவர். தமிழகத்திலும் இலங்கையிலும் தலைமுறை தலைமுறையாக வழங்கியது. அரபியில் ப என்னும் ஒலிக்கு எழுத்து இல்லை. ட, ண, ள, ழ போன்றவற்றுக்கும் இல்லை. எனவே உள்ள எழுத்துகளின் மீதும் கீழும் புதிய குறிகளைச் சேர்த்துப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். எ, ஒ ஆகிய உயிர்களுக்கும் தனிக் குறி கண்டனர். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) போன்ற பேரறிஞர்கள் மார்க்கச் சட்ட நூல்களை இவ்வெழுத்திலே தந்தார்கள். தைக்கா சுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட பெருநூல் இம்மரபின் வரலாற்றைத் தொகுத்துரைக்கிறது. மலையாளத்தை அரபு எழுத்தில் எழுதிய கேரளத்தாரும், மலாயை ஜாவியில் எழுதியவர்களும், சுவாஹிலி பேசும் ஆப்பிரிக்கரும் இதையே செய்தனர். குர்ஆன் ஓதப் பழகிய கையும் கண்ணும் வீட்டு மொழிக்கும் அவ்வெழுத்தையே பயன்படுத்திக்கொண்டன.

இதில் பெண்களுக்கு ஒரு தனி நன்மை இருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பெண்ணும் மதரஸாவில் எழுத்தறிந்திருப்பாள். நன்னியின் தாயார் அப்படிப்பட்டவர். தமிழ் எழுத்தில் அவர் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஆனால் நூறு பக்கத் தமிழை எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். கணக்கெடுப்புக்காரர் கேட்டால் அவரை எழுத்தறிவற்றவர் என்றே குறித்திருப்பார்.

இந்த நோட்டுப் புத்தகம் தப்பியது தற்செயல். இதுபோல் இன்னும் நான்கைந்து இருந்தனவாம். அரபு எழுத்துள்ள தாளைக் குப்பையில் இடலாகாது என்னும் பேணுதலால், உறவினர் ஒருவர் முன்னொரு நாள் கட்டாகக் கட்டிக் காவிரியில் விட்டுவிட்டார். மரியாதையோடுதான் விட்டார். அதில் இருந்தது தம் பாட்டியின் நோன்புக் கஞ்சிக் கணக்கு என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் படிக்கத் தெரியாதே!

படிக்கத் தெரிந்தவர் எங்கள் குடும்பத்தில் இப்போது நன்னி ஒருவரே. ஒரு கண்ணில் புரை நீக்கியாயிற்று. மற்றொரு கண் காத்திருக்கிறது. ஆகவே மஃரிபுக்கு முன், வெயில் சாயும் நேரத்தில், மாடியில் பாய் விரித்து நாளொன்றுக்கு நான்கு பக்கம் என்று முடிவு செய்தோம். நன்னி உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்து வாசிப்பார்; மகள் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வாள்; நாங்கள் இருவரும் தேநீர் கொணர்வோம்.

பிள்ளைகள் பிறந்த நாள்கள், பிறைக் கணக்கில். பிள்ளை பெற்றவளுக்கான மருந்து, பூண்டும் மிளகும் எத்தனை பலம் என்ற விவரத்தோடு. இருபத்தைந்து பேருக்கான கஞ்சிக்கு மூன்று படி நொய். மூன்று வயதில் இறந்த ஒரு மகனின் பெயர், அதன் பக்கத்தில் வேறெதுவும் எழுதப்படாமல். இந்த இடத்தில் நன்னி நெடுநேரம் வாசிக்கவில்லை. அப்படி ஓர் அண்ணன் இருந்தது தமக்கே தெரியாது என்றார்.

கடைசிப் பக்கங்கள் கடன் கணக்கு. பெற்றது, திருப்பியது. திருப்பிய ஒவ்வொன்றின் மீதும் ஒரு சாய்வுக் கோடு. பக்கம் பக்கமாகக் கோடுகள். ஒரே ஒரு வரியின் மீது மட்டும் கோடு இல்லை. ரமலான் பிறை பன்னிரண்டு, ஹிஜ்ரி 1387. நாற்பது ரூபாய்.

ஆங்கிலக் கணக்கில் அது 1967 டிசம்பரின் நடுப்பகுதி. அப்போதும் இதே குளிர். ஆனால் நோன்பு காலம். பிறையாண்டு ஏறத்தாழ பதினொரு நாள் குறைவானது என்பதால் ரமலான் பருவங்களைச் சுற்றி வருகிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக அது இரு முறை வரவிருக்கிறது. அந்தக் கடன் ஆங்கிலக் கணக்கில் ஐம்பத்தேழு வயதும், நம் கணக்கில் ஐம்பத்தொன்பதை எட்டும் வயதும் உடையது. அவ்வாண்டுத் தேர்தலில்தான் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி முழங்கிற்று. அக்கணக்கில் நாற்பது படி அரிசி. ஆறு பிள்ளைகள் இருந்த வீட்டில் அது சிறு தொகையன்று.

யாரிடம் பெற்றது? இங்கேதான் சிக்கல். "தங்கைக்குக் கொடுக்க வேண்டியது" என்று நன்னி முதலில் வாசித்தார். பிறகு கண்ணாடியை விலக்கி, மீண்டும் வைத்து, "நங்கைக்கு" என்றார்.

அரபு எழுத்து அறிந்தவர்களுக்கு இது விளங்கும். சொல்லின் முதலில் வரும்போது தவுக்கும் நூனுக்கும் உருவம் ஒன்றே. ஒரு சிறு பல். மேலே இரு புள்ளி இருந்தால் த. ஒரு புள்ளி இருந்தால் ந. அந்தப் பல்லின் மேல், புள்ளி இருக்க வேண்டிய சரியான இடத்தில், இராமபாணப் பூச்சி ஒரு துளையிட்டிருந்தது! நூறு பக்கத்தில் அதற்கு வேறு இடம் கிடைக்கவில்லை போலும். மகள் கலத்தை எடுத்துப் புள்ளிகளை அளந்து பார்த்தாள். துளையின் அளவு ஒரு புள்ளிக்குப் பெரிது, இரண்டுக்குச் சிறிது. இப்னு முக்லாவாலும் தீர்க்க முடியவில்லை.

தங்கை என்றால் நன்னியின் சின்னம்மா. பாலக்கரையில் வாழ்ந்து மறைந்தவர். நங்கை என்றால் யார்? நன்னி சற்று நேரம் கண்களை மூடிக்கொண்டார். எதிர்வீட்டில் ஒரு பெண்மணி இருந்தாராம். கரூர்ப் பக்கத்திலிருந்து வாழவந்தவர். இரண்டு மாடு வைத்துப் பால் கறந்தவர். அப்பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையா என்பர். கொழுந்தன்மார் அழைத்ததைக் கேட்டுத் தெருவே அவரை நங்கை என்று அழைத்தது. இயற்பெயர் எவருக்கும் தெரியாது. நோன்புக் காலத்தில் ஸஹருக்கு என்று முதல் கறவைப் பாலை எங்கள் வீட்டுக்குத்தான் கொடுப்பாராம். பிற்பாடு மகனுடன் ஸ்ரீரங்கத்தில் மேலூர்ப் பக்கம் குடிபெயர்ந்துவிட்டார்.

இறந்தவரின் சொத்தைப் பங்கிடும் முன் அவர் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம். நன்னியின் தாயார் விட்டுச் சென்ற வீடு பங்கிடப்பட்டு நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஒரு பங்கில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். அன்றிரவு உணவின்போது எவரும் அதிகம் பேசவில்லை.

ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். வாங்கிய தொகையே கடன். அதற்கு மேல் மனமுவந்து கொடுப்பது நன்மை. உரியவர் இல்லையெனில் வாரிசுகளிடம் சேர்க்க வேண்டும். வாரிசுகள் மன்னித்தால் தீர்ந்தது. தேடியும் கிடைக்காவிட்டால் அவர்கள் சார்பில் தருமம் செய்யலாம் என்றார். "தேடியும்" என்ற சொல்லை அவர் சற்று அழுத்தியே சொன்னதாக எங்களுக்குப் பட்டது.

பாலக்கரையில் வேலை எளிதாக முடிந்தது. சின்னம்மாவின் மகள், எழுபதைக் கடந்தவர், செய்தியைக் கேட்டுச் சிரித்தார். "அக்காளும் தங்கச்சியும் கணக்கு எழுதிக்கிட்டா இருந்தாங்க? எங்கம்மா பேர்ல இருந்தா அதை நாங்க விட்டுட்டோம். போய் அந்தப் பால்காரம்மாவைத் தேடுங்க." தம் சகோதரர்களையும் தொலைபேசியில் அழைத்து, அவர்கள் வாயாலும் மன்னித்தோம் என்று சொல்ல வைத்துவிட்டார். பிரியாணியும் போட்டார்.

டிசம்பர் 31 அன்று, சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஸ்ரீரங்கம் பேருந்தில் ஏறினோம். நாங்கள் தேர்ந்தெடுத்த நாள் அப்படி. வைகுண்ட ஏகாதசி ஜனவரி 10 என்பதால் பகல்பத்து தொடங்கியிருந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். காவிரிப் பாலத்தில் வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. நன்னி கம்பி வழியே நீரையே பார்த்துக்கொண்டு வந்தார். கட்டாகக் கட்டி விடப்பட்ட அந்த நான்கைந்து நோட்டுப் புத்தகங்களை நினைத்தாரோ என்னவோ, நாங்கள் கேட்கவில்லை.

மேலூர்ப் பக்கம் தேநீர்க் கடை, தீவனக் கடை, பால் சேகரிக்கும் இடம் என்று கேட்டுக்கொண்டே நடந்தோம். புர்கா அணிந்த மூதாட்டி ஒருவர், திருநாள் கூட்டத்தின் நடுவே, பெயர் தெரியாத ஒரு பெண்மணியை ஐம்பத்தேழு ஆண்டுக் கடனுக்காகத் தேடி வந்திருக்கிறார் என்பதை நம்ப மக்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. நம்பியபின் தெருவே உதவ முன்வந்தது. நெற்றியில் திருமண் இட்ட ஒரு பெரியவர் தம் வீட்டுத் திண்ணையில் நன்னியை அமர்த்தி, தண்ணீர் தந்து, தமக்குத் தெரிந்த மாட்டுக்காரர் குடும்பங்களை விரல்விட்டு எண்ணினார். லுஹர் தொழுகைக்கு நேரமாயிற்று என்று நாங்கள் தயங்கியதைக் கண்டு, உள்ளே ஓர் அறையைக் காட்டினார்.

அவர் நினைவில் ஒரு குடும்பம் இருந்தது. கரூர்க்காரர்கள்தாம்; தாயாரை நங்கையா என்று எவரோ அழைத்துக் கேட்டதுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் இடத்தை விற்றுவிட்டு ஊருக்கே போய்விட்டார்களாம். ஊர் எது? குளித்தலைக்கு அப்பால் என்றுதான் அவருக்குத் தெரியும். பால் சேகரிப்பவர் ஒருவரிடம் அக்குடும்பத்தின் உறவினர் எண் இருக்கலாம், விசாரித்துச் சொல்கிறேன் என்று எங்கள் எண்ணை ஒரு நாள்காட்டித் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டார்.

இதை எழுதும் வரை அழைப்பு வரவில்லை. பொங்கல் விடுமுறையில் குளித்தலை செல்வதாக இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். உறையில் நாற்பது ரூபாய் தனியாகவும், நன்னி தம் கைவளையல் ஒன்றை விற்றுச் சேர்த்த தொகை தனியாகவும் இருக்கின்றன. வளையலை விற்க வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். "அது ஸஹர் பாலுக்கு" என்று சொல்லிவிட்டார்.

மகள் இப்போது அரபுத்தமிழின் கூடுதல் எழுத்துகளை ஒரு நாளைக்கு ஒன்றாக நன்னியிடம் பழகுகிறாள். ழகரம் இன்னும் பிடிபடவில்லை. புதிய நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி, வலப்பக்கமாகத் திறந்து, பழையதைப் படியெடுக்கிறாள். கடன் பக்கத்தை நேற்று எழுதி முடித்தாள். கோடிட்ட வரிகளைக் கோட்டோடே எழுதினாள். அந்த ஒரு வரியில், பல்லின் மேல், கலத்தை அழுத்தி ஒரே ஒரு புள்ளி வைத்தாள்.