கரையேற்றிய படகு

படகு கடலுக்குப் போய்வரும் நாளில் அதைத் தொட்டுப் பார்க்க நாலு கை இருக்கும். கரையேற்றிவிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கெடுவதும் அப்போதுதான். ஊரூர் குப்பத்து மணலில் மழைக்காலத்துக்குப் பைபர் படகுகளை ஏற்றி வைக்கும் வேலை எனக்கு. உள்ளே தேங்கிய தண்ணீரைவிடப் பெரிய எதிரி படகுக்கு இல்லை.

மயிலாப்பூர்க் குளத்துத் தெப்பம் காலி டிரம்களில் மிதக்கிறது. அதுபோலப் பனிநாடுகளில் அலுமினியக் குழாய்களின்மேல் மிதக்கும் படகுகள் உண்டு. குளிருக்கு முன் குழாயிலும் எஞ்சினிலும் சொட்டு விடாமல் வடித்துவிடுவார்கள். உறையும் நீர் 9 சதவீதம் பருத்து உலோகத்தையே பிளக்கும்.

நமக்கு உறைபனி இல்லை, ஐப்பசி கார்த்திகை மழை இருக்கிறது. 22 அடிப் படகில் 10 சென்டிமீட்டர் மழை வடியாமல் நின்றாலே முக்கால் டன் எடை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. அதனால் அணியத்தைச் சற்றுத் தூக்கி வைத்து, பின்பக்கத் தக்கையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய தக்கையை எஞ்சின் மாட்டும் இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். மறந்து கடலில் இறக்க முடியாது. அடியில் பழைய டயர்களைப் பரவலாகக் கொடுங்கள். ஒரே கல்லின்மேல் உட்கார்ந்த படகு அந்த இடத்தில் விரிசல் விடும்.

மேலே தார்ப்பாய் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. புழுக்கத்தை அடைத்துவைக்கும், புயலில் பாயாக விரிந்து படகையே இழுக்கும். தென்னங்கீற்று போதும். கயிறு இரண்டு பக்கமும் வேண்டும். 2016 வர்தா புயலில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, புயலின் கண் கடந்ததும் திசை மாறித் திரும்ப வந்து அடித்தது.

எஞ்சினுக்குத்தான் அதிகப் பொறுமை தேவை. டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் இறக்கி ஓடவிட்டு உப்பைக் கழுவுவேன். பிறகு எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுவேன். பிளக்கைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்தால் உள்சுவர் முழுக்க எண்ணெய் படியும். கியர் ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சீலை மாற்றாமல் மூடக்கூடாது. படுக்கவைக்காமல் நிமிர்த்தியே வையுங்கள், மிச்ச நீர் தானாக இறங்கிவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகுதான் இந்தக் கரையில் பைபர் நிறைந்தது. அதற்குமுன் கட்டுமரம். கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டார்கள் நம் மூத்தவர்கள். ஊறிய மரம் கனத்து, மிதப்புக் குறையும் என்று அறிந்த கைகள் அவை. அவர்கள் நாள்தோறும் செய்ததை நாம் வருஷத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டாமா?

தை பிறந்ததும் உடனே இறக்கிவிடாதீர்கள். விரல் கணுவால் அடிப்பாகம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்கும் இடத்தில் பைபர் அடுக்கு விட்டிருக்கும், ஈரமும் இருக்கலாம். அங்கே சுரண்டி, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே புது மேட் ஒட்டுங்கள். ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது.