தலையெழுத்தும் தாடையெலும்பும்

மண்டையோட்டிலே நெளிந்து செல்லும் பொருத்துக் கோடுகளைப் பிரமன் எழுதிய எழுத்தென்று நம் முன்னோர் கருதினர். 'தலையெழுத்து' என்ற சொல் இன்றும் நம்மிடையே வழங்குகின்றது. உடற்கூற்று விஞ்ஞானமோ அக்கோடுகளுக்கு வேறு பொருள் கூறுகின்றது. குழந்தையின் மூளை வளருந்தோறும் ஓட்டெலும்புகள் விலகுகின்றன. விலகிய விளிம்புகளிலே புதிய எலும்பு படிகின்றது. பிரமன் எழுதி முடித்ததாக எண்ணிய இடத்திலே வேலை நடந்துகொண்டிருக்கின்றது.

அம்மண்டையோட்டின் மற்றொரு மூலையைப் பற்றியே இங்கு நாம் கூற விழைகின்றோம். காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னே விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஓர் எலும்புத் தலை அசைவது தெரியும். கீழ்த்தாடை மண்டையோட்டுடன் பொருந்தும் மூட்டு அதுவே. வளரும் பிள்ளையில் அவ்வெலும்புத் தலையை மெல்லிய குருத்தெலும்புப் படையொன்று மூடியிருக்கும். நம் பாடநூல்கள் அதனைக் கசியிழையம் என்று கூறும். இச்சிறு படையை வைத்து விஞ்ஞானிகள் பெரியதொரு வினாவை எழுப்பினர். முகம் வளர்வது உள்ளிருந்து பிறக்கும் கட்டளையினாலா, அன்றி அது செய்யும் தொழிலினாலா?

தாடையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கிய முன்னோடிகளுள் ஒருவர் இலண்டன் சத்திரவைத்தியர் ஜோன் ஹண்டர். குழந்தைப் பருவத்தின் தொடக்கம் கழிந்தபின் கீழ்த்தாடை முக்கியமாகப் பின்விளிம்பிலேயே நீளுகின்றது என்று 1771இல் வெளிவந்த தமது நூலில் அவர் கூறினார். 1860களில் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஹம்பிறி, பன்றிக் குட்டிகளின் தாடையில் கம்பிகளைப் பிணைத்து இதனைச் சோதித்தார். பின்விளிம்பில் பிணைத்த கம்பி புதிய எலும்பினுள் புதைந்தது. முன்விளிம்பில் பிணைத்தது வெளியே தெரிந்தது. பின்னே எலும்பு சேர, முன்னே அது கரைகின்றது. பின் கடைவாய்ப் பற்களுக்கு இடம் கிடைப்பது இவ்வாறே.

அப்படியாயின் தாடையை வளர்ப்பது எது? வியன்னாவில் பயின்று சிக்காகோவில் கற்பித்த ஹரி சிக்கர் போன்றோர் மூட்டிலுள்ள குருத்தெலும்பைச் சுட்டினர். கால் எலும்பை அதன் நுனியிலுள்ள வளர்தட்டு நீட்டுவது போல, இக்குருத்தெலும்பே தாடையை முன்னே தள்ளுகின்றது என்றனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இக்கருத்து வகுப்பறைகளிலே செல்வாக்குடன் விளங்கிற்று.

ஆராய்ச்சிகள் அச்செல்வாக்கைக் குறைத்தன. 1960களில் பின்லாந்தின் கொஸ்கியும் றொன்னிங்கும் எலிகளிலிருந்து வளர்ச்சிக் குருத்தெலும்புகளை எடுத்து வேறிடங்களில் நட்டுப் பார்த்தனர். தாடை மூட்டின் குருத்தெலும்பு, தன் இடத்தை விட்டுப் பெயர்ந்தபின், சுதந்திரமாக வளரும் ஆற்றலைக் காட்டவில்லை. அதே காலத்தில் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் மெல்வின் மொஸ், எலும்பு தானாக வளர்வதில்லை, உண்ணுதல், மூச்சுவிடுதல், பேசுதல் ஆகிய தொழில்களும் அவற்றைச் செய்யும் மென்னிழையங்களும் வளர, எலும்பு அவற்றைப் பின்பற்றுகின்றது என்று வாதித்தார். பிரான்சின் ஸ்ற்ராஸ்பேக் நகரிலே பெத்ரோவிக் என்பார் இதன் நுட்பத்தை ஆராய்ந்தார். கால் எலும்பின் வளர்தட்டில், தம்மைச் சுற்றிக் குருத்துப் பொருளைக் கட்டிக்கொண்ட கலங்களே பெருகுகின்றன. தாடை மூட்டிலோ, அவ்வாறு சுவர் எழுப்புவதற்கு முந்திய இளங்கலங்கள் பெருகுகின்றன. ஆதலின் தசையின் இழுவையும் மூட்டின் அசைவும் அவற்றை எளிதில் எட்டுகின்றன.

கோழிக் கருக்களில் நடந்த சோதனை நம்மை மிகவும் கவர்ந்தது. முகவெலும்புகளின் மேல் பின்னர் தோன்றும் இத்தகைய குருத்தெலும்பு, கரு முட்டைக்குள் அசைந்தாலன்றித் தோன்றுவதில்லை. மருந்தினால் அசைவை நிறுத்தினால் அதுவும் இல்லாமற் போகின்றது. உலகைக் காணுமுன்பே உயிர் தன் இயக்கத்தால் தன்னை ஆக்கிக்கொள்கின்றது.

இதனைக் கொண்டு பரம்பரை ஒன்றுமில்லை என்று கூறிவிடலாகாது. டென்மார்க்கில் ஆர்ன பியோர்க், 1950களிலிருந்து பிள்ளைகளின் தாடையில் நுண்ணிய உலோக ஊசிகளைப் பதித்து, ஆண்டுதோறும் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து வளர்ச்சியை அளந்தார். பிள்ளைக்குப் பிள்ளை வளரும் திசையும் வேகமும் பெரிதும் வேறுபட்டன. தாடையை முன்னே நிறுத்தும் கருவிகளால் அதனை நிலையாக நீட்டலாம் என்ற நம்பிக்கையை, எலிகளிலும் குரங்குகளிலும் நடந்த சோதனைகள் ஊட்டின. ஆனால் 1990களிலும் 2000களிலும் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நடந்த ஒப்பீட்டுச் சோதனைகளில், சிறு வயதிலேயே அவ்வாறு செய்த சிகிச்சையின் தாடை வளர்ச்சி ஆதாயம் இறுதியில் பெரும்பாலும் நிலைக்கவில்லை. முகத்தை விரும்பியவாறு செதுக்கித் தருவோம் என்று பெற்றோரிடம் பணம் பறிக்கும் விளம்பரங்களை நம்பாதிருக்க இவ்வுண்மை ஒன்றே போதும்.

ஆயினும் இவ்வாராய்ச்சி வறியவர் வீட்டு வாசலுக்குக் கொண்டுவரும் செய்தி ஒன்றுண்டு. நாம் கிராமப் பாடசாலையிற் கற்ற காலத்தில் நம்முடன் ஒரு மாணவன் இருந்தான். அவனுடைய வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்காது. குழைத்த சோற்றையும் கஞ்சியையும் பல்லிடுக்கு வழியே உள்ளே செலுத்துவான். மோவாய் வளராது பின்வாங்கியிருந்தது. நான்கு வயதில் மாமரத்திலிருந்து விழுந்தானாம். மோவாய்க் காயம் ஆறிவிட்டது. மூட்டை யாரும் பார்க்கவில்லை. 'அவன் தலையெழுத்து' என்று ஊர் கூறி முடித்தது.

அது விதியின் வேலையன்று. மோவாயில் விழும் அடி காதோரம் வரை சென்று மூட்டுத் தலையை முறிக்கக்கூடும். முறிந்தாலும், பிள்ளையின் மூட்டுத் தலை மீள உருப்பெறும் வல்லமை மிக்கது. வைத்தியரின் கண்காணிப்பில் வாயை விரைவில் அசைக்கப் பழக்கினால் பெரும்பாலும் அது தேறிவிடும். கவனியாது விட்டால், மூட்டில் எலும்பு இறுகி ஒட்டிவிடலாம். அப்போது வாய் பூட்டப்படும், தாடை வளராது, உறக்கத்தில் மூச்சும் தடைப்படும். காதில் தோன்றும் சீழ் மூட்டுக்குப் பரவினாலும் இதே கேடு நேரும். பின்னர் சத்திரசிகிச்சை செய்து ஒட்டிய எலும்பை அகற்ற வேண்டும். சிலருக்கு விலாவெலும்பையும் அதன் குருத்தையும் எடுத்து அங்கே பொருத்துவர். அவ்வாறு பொருத்திய குருத்து சிலரிடம் வளராது நிற்கும். சிலரிடம் அளவுக்கு மீறி வளரும். அதன்பின்னும் நெடுநாள் வாய்ப் பயிற்சி வேண்டும்.

செல்வ நாடுகளில் இந்நோய் அரிதாகிவிட்டது. வைத்தியசாலை தொலைவிலும், எக்ஸ்-கதிர்ப் படம் எட்டாத விலையிலும் உள்ள நாடுகளிலேயே அது மிகுதியாகக் காணப்படுகின்றது. குருத்தெலும்பின் இயல்பு எங்கும் ஒன்றே. வேறுபாடு நாம் அமைத்துக்கொண்ட சமுதாயத்தில் இருக்கின்றது.

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடசாலை முற்றத்தில் பிள்ளையொன்று விழுந்து மோவாயில் அடிபட்டால், காயத்துக்கு மருந்திட்டதோடு நின்றுவிடாதீர்கள். அப்பிள்ளையின் சொந்த விரல்கள் மூன்றும் நெடுக்காகப் பல்லிடையே நுழையுமா, கடிக்கும்போது தாடை ஒருபுறம் ஒதுங்குகின்றதா, காதிலிருந்து குருதி வருகின்றதா என்று கவனியுங்கள். ஐயமிருப்பின் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். வாய் நன்கு திறக்கின்றதா என்று அடுத்த சில மாதங்களும் கேளுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. பிரமன் மீது பழியைப் போடுவதற்கு முன் நம்மால் செய்யக்கூடியது இவ்வளவாவது உண்டு.